ஈப்பன் சொன்ன ‘போதும்’

‘ஆறுதல் துளி’ மாத இதழில் இதுவரை யாரும் வலித்துச் செத்ததே கிடையாது. அதில் சாகிறவர்கள் எல்லாரும் சாவதற்கு முன் ஒரு தடவை புன்னகைப்பார்கள். முகம் பிரகாசிக்கும். கட்டில் பக்கத்தில் ஒரு டாக்டர் கட்டாயம் நிற்பார். அவர் இந்துவாக இருந்துவிட்டால் கூடுதல் விசேஷம். “இந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒரு சமாதானம் எங்கிருந்து வருகிறது?” என்று கண்கலங்கிக் கேட்டுவிட்டுத்தான் அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போக வேண்டும். கடைசியில் அறை முழுக்க ஒரு நறுமணம் வீசும். ஏலியாம்மா டீச்சருக்கு அந்த நறுமணத்தைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். புற்றுநோய் வார்டுக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தவன் எழுதுகிற வரி அது என்பாள்.

அவள் கோழஞ்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் போகிற சபை நடத்துகிற பத்திரிகை என்பதால் மாதா மாதம் அச்சுக்குப் போகும் முன் பக்கங்கள் பிழை பார்க்க அவளிடம் வரும். தேவதூதன் வந்தானா வரவில்லையா என்ற வழக்குக்கு அவள் போவதில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் பறந்தால் சரி என்று விட்டுவிடுவாள். அவள் வீட்டுக்காரர் ஈப்பன் ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தாள்களை எட்டிப் பார்ப்பார்.

“இந்த மாசம் எத்தனை பேருடி சிரிச்சுக்கிட்டே போனாங்க?”

“மூணு பேர்.”

“ஒருத்தனுக்குக்கூட வயித்தால போகலையா?”

“சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது?”

“சாகற நேரத்துல பேச மாட்டேங்கறாங்களே, அதான் சாப்பிடற நேரத்துல கேக்கறேன்.”

அப்படிப்பட்ட மனுஷருக்குக் கணையத்தில் புற்று வந்தது. வேறு எங்கு வந்திருந்தாலும் கொஞ்சம் சண்டை போட்டுப் பார்த்திருப்பார்கள். இது முதல் நாளிலேயே கதவைச் சாத்திவிட்டது. கோட்டயத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பாலியேட்டிவ் நர்ஸ் வாரத்தில் சில நாள் வந்து வலிக்கு மார்ஃபின் கொடுத்துவிட்டுப் போவாள். மருந்துக்கு வலி அடங்குகிற வரை மனுஷர் தூங்குவார். அடங்காமல் போனதும் கத்துவார். ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு வெளியே நிற்கிற ஆளைக் கூப்பிடுவது போலக் கர்த்தரைக் கூப்பிடுவார். “யோவ், இருக்கீரா? இருந்தா ஒரு சத்தம் கொடும்!” ஏலியாம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். ஒரு சத்தமும் வராது. தென்னை மட்டை விழும், அடுத்த வீட்டு மிக்ஸி ஓடும், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “ஏலி, என்னை அந்தப் பத்திரிகையில சிரிக்க வெச்சுடாதே. நான் சிரிக்கல. நீ பார்த்தேல்ல?”

“பார்த்தேன்.”

“அப்போ நீ பார்த்துக்கோ.”

அதுதான் அவர் அவளிடம் கேட்ட கடைசிக் காரியம். நகை, நிலம், கல்லறை, எதைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. தன்னைப் பற்றிப் பொய் சொல்ல விடாதே என்பது ஒன்றுதான்.

சாவதற்கு முந்தைய நாள் பாஸ்டர் நைனான் சபைக் கூட்டத்தோடு வந்தார். கைத்தட்டலும் சலங்கை கட்டின தம்புருவுமாகச் சின்ன அறையில் நெருக்கிக்கொண்டு நின்று பாடினார்கள். நோயாளி பக்கத்தில் மெதுவாகப் பாட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பாவம். கர்த்தருக்குக் காது மந்தம் என்ற நினைப்பிலேயே பாடிப் பழகியவர்கள். மருந்தின் வேகம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஈப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவர், மெல்லத் தலையைத் திருப்பி, “போதும்” என்றார்.

அந்தப் ‘போதும்’ ஏலியாம்மாவுக்குப் பழக்கமானது. போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்குகிற வேலைக்காரனிடம் அவர் அதே குரலில்தான் சொல்வார். நைனான் பாட்டை நிறுத்தினார். ஒரு நிமிஷம் ஏலியாம்மா நன்றியோடு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, இரண்டு கையும் மேலே போனது.

“கேட்டீங்களா? கிருபை போதும்னு சொல்றார்! நம்ம ஈப்பன் அச்சாயன் அறிக்கை பண்றார்! ஸ்தோத்திரம்!”

“ஸ்தோத்திரம்!” என்றது அறை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு பாட்டு பாடினார்கள். ஈப்பன் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து முனகல்தான் வந்தது, வார்த்தை வரவில்லை.

அடக்க ஆராதனையில் பிரசங்கமே அதுதான். அந்த ஒரு சொல்லை எடுத்து நைனான் அப்பத்துக்கு மாவு கரைப்பது போல நீட்டிக்கொண்டே போனார். ஒரு மனுஷன் கடைசி மூச்சைச் சேர்த்து வைத்து, பாட்டை நிறுத்து என்று கெஞ்சினது, ஊர் முழுக்க விசுவாச வீரனின் முழக்கமாகிவிட்டது. தெரு முனையில் கட்டின ஃப்ளெக்ஸிலும் அதையே போட்டார்கள்.

மார்கழிக் குளிரில் ஒரு சாயங்காலம் நைனான் வீட்டுக்கு வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை முண்டு, நெற்றியில் வேர்வை கூட வெள்ளையாக இருக்குமோ என்று தோன்றுகிற அளவுக்கு வெளுப்பு. அவரும் ஏலியாம்மாவிடம் படித்தவர்தான். வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் எந்தத் தலைப்பாக இருந்தாலும் முடிவு மட்டும் ஒன்றாகவே எழுதுவார். இன்றைக்கு அதுதான் அவருக்கு ஊழியம்.

ஏலியாம்மா பால் விடாத கட்டன் காப்பியும் குழலப்பமும் வைத்தாள்.

“டீச்சர், மாசி மாசக் கன்வென்ஷன் கூட்டத்துச் சிறப்பிதழுக்கு அச்சாயனோட சாட்சியை நீங்களே எழுதித்தரணும். முதல் பக்கம் உங்களுக்குத்தான். சகோதரிகள் கூட்டத்துல நீங்களே வாசிக்கவும் வாசிக்கறீங்க. தலைப்பு நான் வெச்சுட்டேன்.”

“என்ன தலைப்பு?”

“‘போதும்!’ ஆச்சரியக்குறியோட.”

“ஆச்சரியக்குறி எதுக்கு?”

“ஒரு இதுக்குத்தான், டீச்சர்.”

“நைனான், அவர் உன் பாட்டைத்தான் போதும்னார்.”

நைனான் குழலப்பத்தை நொறுக்கிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். “அச்சாயனோட தமாஷ் அப்படியே டீச்சருக்கும் ஒட்டிக்கிச்சு!”

“நான் தமாஷ் பண்ணல.”

சிரிப்பு நின்றது. முகத்தில் உடனே கருணை ஏறியது. அது அவர் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிற கருணை, வேண்டியபோது எடுத்துக்கொள்வார். “துக்கத்துல மனசு இப்படித்தான் குழம்பும். சத்துருவான பிசாசு குழப்புவான், டீச்சர்.”

“சத்துரு எங்க வந்தான் இதுல? நான் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தேன். நீ வாசல்ல தம்புருவுக்குப் பக்கத்துல இருந்தே. யாருக்கு நல்லாக் கேட்டிருக்கும்?”

“சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா சாட்சின்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. பாடுபடறது, ஜெபம், விடுதலை. விடுதலை இல்லாத சாட்சியை வெச்சு ஜனங்க என்ன பண்ணுவாங்க?”

“அவருக்கு விடுதலை வரலையே.”

“மரணமும் ஒரு விடுதலைதானே?”

“அப்படின்னா கொலைகாரனும் ஊழியக்காரன்தான்.”

நைனான் காப்பியைக் குடித்தார். பிறகு, “டீச்சர் எழுதிக்கொடுங்க. நீங்க எழுதினா கண்ணீர் வரும்” என்றார்.

“எழுதறேன். ஆனா எழுதினது எழுதினபடியே வரணும்.”

“ஐயோ, டீச்சர் எழுத்துல நாங்க கை வைக்கிறதா? என்ன பேச்சு இது!” தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் எழுந்து, ஒரு ஜெபமும் பண்ணிவிட்டுப் போனார். ஜெபத்தில் “எங்கள் சகோதரியின் குழப்பத்தை மாற்றும்” என்று ஒரு வரி இருந்தது. நேரில் சொல்லத் துப்பில்லாததைக் கடவுள் காதில் போட்டுவிட்டுப் போகிற கெட்டிக்காரத்தனம் அவருக்குச் சின்ன வயதிலேயே உண்டு.

மறுநாள் குவைத்திலிருந்து மகள் ஜெசி போனில் வந்தாள். அவள் நர்ஸ். ஏலியாம்மா விஷயத்தைச் சொன்னாள்.

“எழுதாதீங்க, அம்மச்சி.”

“நீயுமாடி?”

“நான் பாஸ்டருக்காகச் சொல்லல. எனக்குத் தெரியாதா எப்படிப் போவாங்கன்னு? வார்டுல தினமும் பார்க்கறேன். பார்க்கறதாலதான் சொல்றேன். எங்கப்பச்சன் ஒருத்தராவது சிரிச்சுக்கிட்டுப் போனாருன்னு இருந்துட்டுப் போகட்டுமே. எனக்கு அது வேணும், அம்மச்சி.”

நைனானைக் கிழித்துப் போட்ட நாக்கு இங்கே எழும்பவில்லை. மகளுடைய பொய்யில் காசுக்கும் பெயருக்கும் இடமில்லை, வெறும் ஏக்கம்தான் இருந்தது. ஏலியாம்மா போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கமும் அழுகைச் சத்தம் கேட்டது.

“உங்கப்பச்சன் கேட்டுக்கிட்டாருடி. என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு.”

“அப்போ எழுதுங்க. ஆனா எனக்கு அதை அனுப்பிடாதீங்க.”

எழுத உட்கார்ந்தபோதுதான் ஏலியாம்மாவுக்குத் தெரிந்தது, இத்தனை வருஷம் பிழை திருத்திய கைக்கும் அந்த நோய் தொற்றியிருக்கிறது என்று. முதல் வரியிலேயே ‘முகம் பிரகாசமாக’ என்று எழுதிவிட்டது. சனியன் என்று அதை அடித்தாள். முகம் மஞ்சளாக இருந்தது, கண்ணும் நகமும் மஞ்சளாக இருந்தன என்று எழுதினாள். முதுகில் புண் வந்ததை எழுதினாள். ஜன்னலைத் திறந்து வைத்தும் அறையை விட்டுப் போகாத நாற்றத்தை எழுதினாள். தானே ஒருநாள் தாங்காமல் மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டதையும், அவர் கூப்பிடக் கூப்பிடக் கொஞ்ச நேரம் போகாமலே இருந்ததையும் எழுதினாள். கர்த்தரை அவர் யோவ் என்று கூப்பிட்டதை அப்படியே போட்டாள்.

பிறகு வாசித்துப் பார்த்தபோது அங்கங்கே நைனான் மேல் இருந்த ஆத்திரம் துருத்திக்கொண்டு நின்றது. பாட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். நல்ல காரசாரமான பக்கம். வாசிக்க அவளுக்கே இனித்தது. இனித்ததால்தான் சந்தேகம் வந்தது. செத்துக்கொண்டிருந்த ஈப்பனுக்கு நைனான் ஒரு பொருட்டே இல்லை. வலிதான் பொருட்டு. தன் கோபத்துக்காக அவர் சாவை வளைத்தால், நைனானுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ‘பாடிக்கொண்டிருந்தார்கள். போதும் என்றார். பாட்டைத்தான் சொன்னார்’ என்று மட்டும் எழுதினாள்.

முடிவில் என்ன எழுதுவது என்று வெகு நேரம் தெரியவில்லை. விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது ஒரு கம்பீரமான முடிவுதான், ஆனால் அதுவும் பொய். அவள் இன்னும் காலையில் எழுந்ததும் ஜெபிக்கிறாள். கடைசியில் இப்படி எழுதினாள்: ‘நான் இப்போதும் ஜெபிக்கிறேன். கேட்கிறாரா என்று தெரியவில்லை. சிலுவையில் தொங்கினவர் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டபோது அவருக்கும் பதில் வரவில்லை. பதில் வராத இடத்தில் அவரும் இருந்திருக்கிறார் என்பதால்தான் அவரை விடாமல் இருக்கிறேன். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.’

அந்த மாதம் பிழை பார்க்கத் தாள் வரவில்லை. கேட்டதற்கு, கன்வென்ஷன் அவசரம், டீச்சரைத் தொந்தரவு பண்ண வேண்டாமென்று பாஸ்டர் சொன்னார் என்றார்கள். அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் மனுஷர்களைக் கேவலமாக நினைப்பதிலும் ஏலியாம்மாவுக்கு ஒரு எல்லை இருந்தது. செத்தவன் விஷயத்தில் நைனான் கை வைக்க மாட்டான் என்று நம்பினாள்.

பம்பையாற்று மணலில் ஓலைப்பந்தல். மாசி வெயில். சகோதரிகள் கூட்டத்துக்கு வெள்ளைச் சேலைகள் மணல் தெரியாமல் உட்கார்ந்திருந்தன. வாசலில் சிறப்பிதழ் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏலியாம்மா ஒன்றை வாங்கி நின்ற இடத்திலேயே பிரித்தாள்.

முதல் பக்கத்தில் ஈப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெசி கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் தோளில் கை போட்டிருந்த நண்பனை வெட்டிவிட்டு, தலைக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் சேர்த்திருந்தார்கள். மேலே ‘போதும்!’ கீழே அவள் பெயர். நடுவில் அவள் எழுதாத ஒரு கட்டுரை. ‘மரண வேதனையிலும் முணுமுணுக்காத என் அச்சாயன், கிருபை போதும் என்று முழங்கியபோது அவர் முகம் தேவதூதன் முகம் போலப் பிரகாசித்தது. நர்ஸ் வியந்து நின்றாள். அறையில் ஒரு நறுமணம்…’ போதாக்குறைக்கு எழுத்துப்பிழை வேறு இருந்தது.

பார்த்துக்கோ என்று ஈப்பன் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்ட லட்சணம் கையில் இருக்கிறது. அதற்குள் மேடையிலிருந்து நைனான் குரல் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. “நம்ம அன்புக்குரிய ஏலியாம்மா டீச்சர், ஜெயம் கொண்ட ஒரு விசுவாச வீரனோட துணைவி, இப்போ சாட்சி சொல்லுவாங்க. ஸ்தோத்திரத்தோட கேப்போம்!”

அவள் மேடை ஏறினாள். மைக்கைப் பிடித்ததும் கீபோர்டுக்காரன் பின்னாலிருந்து ஒரு சோக ராகத்தை மெல்லக் கசியவிட்டான். யார் வாய் திறந்தாலும் கண்ணீருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அவன் வேலை.

“அதை நிறுத்துப்பா” என்றாள். அவன் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

“இந்தப் பத்திரிகையில வந்திருக்கிறதை நான் எழுதல.”

“ஸ்தோத்திரம்!” என்றது பந்தல்.

ஏலியாம்மா திகைத்தாள். வார்த்தை எங்கே முடிகிறது என்று குரல் இறங்குவதை வைத்தே கண்டுபிடித்துப் பழகிய காதுகள். வார்த்தையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலை அவற்றுக்குக் கிடையாது.

“என் வீட்டுக்காரர் சாகும்போது சிரிக்கல.”

“ஸ்தோத்திரம்!”

“வலி தாங்காம கத்தினார்.”

“ஸ்தோத்திரம்! அல்லேலூயா!” முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடி இரண்டு கையையும் தூக்கி ஆடினாள்.

“நான் சொல்றது உங்கள்ல யாருக்காவது கேக்குதா?”

“ஸ்தோத்திரம்!”

சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. வந்திருந்தால் அன்றைக்கு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவளுக்குள் வேறொன்று கிளம்பியது. பின்பெஞ்சு வரைக்கும் எட்டுகிற பழைய வகுப்பறைக் குரல்.

“வாயை மூடுங்க!”

பந்தல் கப்சிப் என்றானது. அங்கே பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். தூக்கின கைகள் தானாக இறங்கின. கீபோர்டும் நின்றது.

“இனிமே நான் முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது. ஈப்பன் கத்தினார். உங்களை மாதிரி ஜெபத்துல இல்ல, நிஜமாக் கத்தினார். கர்த்தரே இருக்கீரான்னு கேட்டார். கெட்ட வார்த்தையிலகூடக் கேட்டார். பதில் வரல. நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன், எனக்கும் வரல. போதும்னு சொன்னது பாட்டை. கிருபையை இல்ல. அவருக்கு விசுவாசம் இல்லேன்னு எவளாவது வீட்டுக்குப் போய்ப் பேசினா அவ வாய் அழுகிடும். இல்லாத ஆளையா ஒருத்தன் அத்தனை நாள் விடாம கூப்பிடுவான்?”

நைனான் அதற்குள் கை காட்டிவிட்டார். மைக் செத்தது. பாடகர் குழு எழுந்து நின்று நன்றிப் பாட்டைப் பிடித்துக்கொண்டது, தம்புரு குதித்தது. ஏலியாம்மா மைக் இல்லாமலேயே, “நான் இன்னும் ஜெபிக்கிறேன், கேட்டுக்கோங்க!” என்று கத்தினாள். முன்னால் நான்கு வரிசைக்குக் கேட்டிருக்கலாம். மேடையை விட்டு இறங்கும்போது நைனான் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், “என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க?” என்றார்.

“செத்தவன் வாய்ல உன் வார்த்தையைத் திணிச்சியே, உனக்குக் கூசலையாடா?”

“ஜனங்களுக்கு நம்பிக்கை வேணும், டீச்சர்.”

“நீ கொடுக்கறது நம்பிக்கையா? பல்லில்லாத பிள்ளைக்குச் சப்பக் கொடுக்கற ரப்பர்டா அது.”

பந்தலுக்குப் பின்னால் ஆற்றுப்பக்கம் வந்து நின்றாள். வழியில் பெண்கள் விலகிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் தோளைத் தொட்டு, “டீச்சருக்காக நாங்க உபவாசம் இருக்கோம்” என்றாள். பேய் பிடித்தவளிடம் பேசுகிற குரல் அது. இவ்வளவு பேர் முன்னால் கத்தி என்ன கண்டோம் என்று இருந்தது ஏலியாம்மாவுக்கு. கத்தியது காற்றில் போய்விட்டது. பத்திரிகை வீட்டுக்கு வீடு போகும். நாளைக்கு ஈப்பன் எல்லார் வீட்டு அலமாரியிலும் சிரித்துக்கொண்டிருப்பார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒல்லியான ஒரு பெண், கையில் மடக்கின குடை. நாற்பது வயது இருக்கலாம். ஏலியாம்மாவுக்கு முகம் தெரியவில்லை. இன்னொரு உபவாசக்காரி என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“டீச்சர், எனக்கு ரான்னிப் பக்கம் ஊர். பேரு மோளிக்குட்டி. ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு.”

“உங்க வீட்டுக்காரர் நிஜமாவே கத்தினாரா?”

“கத்தினார். உனக்கு அதுல என்ன?”

“சத்தமாவா?”

“ரோடு வரைக்கும் கேட்கும்.”

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னும் பக்கத்தில் வந்தாள். “எங்க வீட்டுக்காரரும் கத்தறார், டீச்சர். ரப்பர் வெட்டற வேலை. இப்போ எலும்புல புத்து வந்து படுத்துட்டார். பக்கத்து வீடு எல்லாம் சபைக்காரங்க. விசுவாசம் போயிடுச்சு, அதான் இப்படின்னு பேசிப்பாங்க. கர்த்தரை வேற திட்டறார். திட்டிக்கிட்டே செத்துட்டா நரகத்துக்குத்தானே போவார்னு பயந்து, நான்… துண்டைச் சுருட்டி வாயில வெச்சு அழுத்திடறேன்.”

கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் பல் பதிந்திருந்தது. சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது.

அன்று முழுக்க ஏலியாம்மா சுமந்துகொண்டிருந்த ஏளனம், நைனான் மேல், பந்தல் மேல், அந்தத் தூக்கின கைகள் மேல் இருந்தது எல்லாம், எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவிகளா, என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

“உங்க அச்சாயன் இப்போ எங்க இருப்பார், டீச்சர்?” மோளிக்குட்டியின் குரல் கெஞ்சியது. “திட்டினாரே.”

“கர்த்தர்கிட்டதான். வேற எங்க போவார்? திட்டறதுக்கும் அவரைத் தவிர யாரு இருந்தா?”

“நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது. நம்பறேன். அவரைச் சேர்த்துக்காத பரலோகத்துல எனக்கும் வேலை இல்ல.”

மோளிக்குட்டி அழவில்லை. பரீட்சையில் எழுத வேண்டியதை மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி உதட்டுக்குள் எதையோ ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பந்தலில் முடிவு ஜெபம் தொடங்கிவிட்டது. அவள் அதற்கு நிற்கப் போவதில்லை என்று தெரிந்தது. நாலடி போனவள் திரும்பி நின்று கேட்டாள்.

“இனிமே கத்தினா நான் என்ன பண்றது, டீச்சர்?”

“கத்த விடு. ஜன்னலைச் சாத்தாதே.”

“துண்டு?”

“நனைச்சு நெத்தியில போடு.”

மோளிக்குட்டி தலையை ஆட்டிவிட்டு, குடையை விரிக்கக்கூட மறந்து, சுடுகிற மணலில் பஸ் நிற்கிற பக்கமாக ஓடினாள்.